டார்ச் யார் முகத்தில்?

ராத்திரி பதினொன்றரை மணிக்கு வருகிற போன் நல்ல செய்திக்காக இருக்காது.

"தூங்கிட்டியா?" என்றான் நண்பன். தூங்கினவனிடம் கேட்கிற கேள்வியா அது?

பெயர் வேண்டாம். பி.காம். படித்த காலத்தில் ஒரே பெஞ்ச். இப்போது ஒரு வங்கியில் நல்ல உத்தியோகம். கல்யாணம் கொஞ்சம் லேட். மனைவிக்கு இரண்டு முறை கரு தங்காமல் போனது. மூன்றாவது முறை முயற்சி செய்வதற்கு முன்னால், டாக்டர் ஒரு நீளமான ரத்தப் பரிசோதனைப் பட்டியலை எழுதிக்கொடுத்திருக்கிறார். அதில் ஒன்று 'டார்ச்'. பிள்ளை பெற்றுக்கொள்ளும் வயதில் இருக்கிற பெண்கள் வீட்டில் இருந்தால் நீங்களும் இந்தப் பெயரைக் கேள்விப்பட்டிருப்பீர்கள். நம் ஊர் லேப்களில் அவ்வளவு சகஜம்.

ரிப்போர்ட்டின் கடைசி வரிதான் பிரச்னை. ஹெர்ப்பிஸ், ஐஜிஜி, பாசிட்டிவ்.

டாக்டரைப் பார்க்க இரண்டு நாள் பொறுத்திருக்கலாம். யார் பொறுக்கிறார்கள்? நெட்டில் தட்டிப் பார்த்திருக்கிறான். 'பாலுறவால் பரவும் நோய்' என்று முதல் வரியிலேயே வந்திருக்கிறது. அன்றிலிருந்து நாலு நாளாக வீட்டில் பேச்சுவார்த்தை இல்லை.

"இது எப்படிடா அவளுக்கு வந்திருக்கும்?"

கவனித்தீர்களா? 'அவளுக்கு' என்றான். 'எங்களுக்கு' என்று சொல்லவில்லை. அதே ரத்தப் பரிசோதனையைத் தான் செய்துகொண்டால் என்ன வரும் என்கிற யோசனை அந்த நாலு நாளில் ஒரு தடவைகூட அவனுக்கு வரவில்லை.

காலையில் இரண்டு பேருமாகச் சேர்ந்து டாக்டரிடம் போங்கள் என்று சொல்லிவிட்டுப் போனை வைத்தேன். தூக்கம் போச்சு. எழுந்து உட்கார்ந்து படிக்க ஆரம்பித்தவன், இரண்டு வாரம் அதிலேயே கிடந்தேன். நான் வணிகவியல் மாணவன், மருத்துவம் தெரியாது. ஆனால் இந்தச் சரித்திரத்தில் பாதி கணக்குதான். தப்பாகப் போட்ட கணக்கு. பிள்ளை பெறப்போகிற பெண்களில் யாரைச் சந்தேகப்படுவது, யாரைச் சோதிப்பது என்று அமெரிக்காவின் பெரிய பெரிய ஆஸ்பத்திரிகள் 15 வருடம் தப்பாகவே போட்ட கணக்கு.

முதலில் ஆசாமியைத் தெரிந்துகொள்வோம்.

அக்கி தெரியும் அல்லவா? உடம்பில் பட்டையாகக் கொப்புளம் கிளம்பும். கிராமத்தில் குயவர் வீட்டுக்குப் போய்க் காவி மண் குழைத்து எழுதிக்கொண்டு வருவார்கள். அந்த அக்கியைக் கொண்டுவருகிற வைரஸுக்கு ஹெர்ப்பிஸ் சிம்ப்ளெக்ஸ் பங்காளி முறை. ஒரே குடும்பம், வேறு வீடு. இந்த ஹெர்ப்பிஸிலும் இரண்டு வகை. முதல் வகை பெரும்பாலும் வாயோரம் குடியிருக்கும். காய்ச்சல் வந்து போனதும் சிலருக்கு உதட்டோரம் கொத்தாகக் கொப்புளம் வருமே, அது. சின்ன வயதில் யாரோ அத்தையோ தாத்தாவோ கொஞ்சி முத்தம் கொடுக்கும்போதே வந்து ஒட்டிக்கொண்டுவிடும். இரண்டாம் வகை இடுப்புக்குக் கீழே. அது பாலுறவால்தான் பரவும். முதல் வகையும் சில சமயம் கீழே இறங்குவது உண்டு. இரண்டுக்கும் ஒரே குணம். ஒரு தடவை உள்ளே வந்துவிட்டால் ஆயுளுக்கும் வெளியே போகாது. நரம்பு முடிச்சுக்குள் போய்ப் படுத்துக்கொள்ளும். எப்போதாவது எழுந்து தலைகாட்டும். பல பேருக்குத் தலைகாட்டுவதே இல்லை.

எத்தனை பேருக்கு இருக்கிறது? உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி, 50 வயதுக்குட்பட்டவர்களில் 380 கோடிப் பேருக்கு முதல் வகை. நூற்றுக்கு 64 பேர். இரண்டாம் வகை, 15 முதல் 49 வயது வரை உள்ளவர்களில் சுமார் 52 கோடிப் பேருக்கு. பஸ்ஸில் உங்கள் பக்கத்தில் உட்கார்ந்திருப்பவருக்கு இருக்கலாம். உங்களுக்கே இருக்கலாம். பெரியவர்களுக்கு இதனால் உயிராபத்து மிக அபூர்வம்.

பிறந்த குழந்தைக்கு அப்படி இல்லை.

பிரசவத்தின்போது தாயின் உடலிலிருந்து இந்த வைரஸ் குழந்தைக்குத் தொற்றிவிட்டால், அது சில சமயம் ஈரல், நுரையீரல், மூளை என்று பரவிவிடும். மருந்து இல்லாத காலத்தில், அப்படி உடம்பு முழுக்கப் பரவிய குழந்தைகளில் நூற்றுக்கு 85 இறந்துபோயின. பிழைத்தவற்றில் பலவற்றுக்கு மூளை பாதிப்பு. ரொம்ப அபூர்வமாகத்தான் நேரும். உலக அளவில் ஒரு லட்சம் பிரசவத்துக்குப் பத்து குழந்தை என்று மதிப்பிடுகிறார்கள். ஆனால் அந்தப் பத்தில் ஒன்று நம் குழந்தை என்றால் லட்சமாவது, கணக்காவது?

பிறப்புறுப்பில் வரும் இந்தக் கொப்புளத்தைப் பற்றி பிரெஞ்சு மருத்துவர் ழான் அஸ்த்ரூக் 1736-லேயே எழுதிவைத்துவிட்டார். ஆனால் குழந்தையைக் கொல்லும் என்பது 1930-களில்தான் தெரிந்தது. 1935-ல் இறந்துபோன ஒரு சிசுவின் ஈரலிலும் அட்ரினல் சுரப்பியிலும் இதன் தடயத்தைக் கண்டு எழுதினார்கள். அதன்பிறகும் 30 வருடத்துக்கு மேல் இது மருத்துவப் புத்தகத்தின் மூலையில் கிடந்த ஒரு விஷயம்தான்.

மூலையிலிருந்து நடுக்கூடத்துக்குக் கொண்டுவந்தவர் ஆண்ட்ரே நஹ்மியாஸ். அட்லாண்டாவில் எமரி பல்கலைக்கழகத்தின் குழந்தை மருத்துவர். 1971-ல் அவர் இரண்டு காரியம் செய்தார். இரண்டுமே இன்றுவரை நம்மை விடவில்லை.

ஒன்று, பெயர் வைத்தது. தாயிடமிருந்து சிசுவுக்குப் போகிற டாக்ஸோப்ளாஸ்மா, ருபெல்லா, சைட்டோமெகலோ வைரஸ், ஹெர்ப்பிஸ் ஆகியவற்றின் ஆங்கில முதலெழுத்துகளைக் கோத்து 'டார்ச்' என்றார். நடுவில் இருந்த ஓ என்ற எழுத்தைப் பிற்பாடு 'இதர' நோய்களுக்கென்று ஒதுக்கிவிட்டார்கள். நோய்க்குறியோடு பிறந்த சிசுவைப் பார்க்கும் டாக்டர் எதையும் மறந்துவிடாமல் இருக்க ஒரு ஞாபகக் குறிப்பு, அவ்வளவுதான். அது கடல் தாண்டி வந்து, கருத்தரிக்க நினைக்கிற ஆரோக்கியமான பெண்களின் பரிசோதனைச் சீட்டில் ஏறி உட்காரும் என்று அவர் நினைத்திருக்க மாட்டார்.

இரண்டாவது, எண்ணிக்கை. பிரசவ நேரத்தில் தாயின் உடலில் வைரஸ் இருந்து, இயல்பான வழியில் குழந்தை பிறந்தால், அதற்குத் தொற்றுகிற வாய்ப்பு நூற்றுக்கு நாற்பது வரை இருக்கலாம் என்று அவர் குழு எழுதியது. பனிக்குடம் உடைந்து நாலு மணி நேரத்துக்குள் சிசேரியன் செய்துவிட்டால் தப்பிக்கலாம் என்றது.

நாற்பது சதவீதம்! எந்த டாக்டர்தான் பயப்பட மாட்டார்? அந்த எண்ணுக்குள் இரண்டு தினுசுத் தாய்மார்கள் கலந்திருந்தார்கள். அந்தச் சமாசாரத்துக்கு அப்புறம் வருகிறேன். அப்போது யாரும் அதைப் பிரித்துப் பார்க்கவில்லை.

அடுத்த பத்து வருடம் அமெரிக்காவில் வேறு ஒரு காற்று அடித்தது. கருத்தடை மாத்திரை வந்து, ஆண் பெண் உறவுகளின் பழைய கட்டுகள் தளர்ந்திருந்த சமயம். 'பார்த்தாயா, தண்டனை வந்துவிட்டது' என்று சொல்லக் காத்திருந்தவர்களுக்கு ஹெர்ப்பிஸ் கிடைத்தது. பெனிசிலினுக்கு மசியாத நோய். தீராத நோய். எய்ட்ஸ் அப்போது பொதுமக்கள் காதுக்கு எட்டவில்லை. 1982 ஆகஸ்ட் 2 தேதியிட்ட 'டைம்' பத்திரிகை ஹெர்ப்பிஸை அட்டையில் போட்டு, இன்றைய 'ஸ்கார்லெட் லெட்டர்' என்று தலைப்புக் கொடுத்தது.

'ஸ்கார்லெட் லெட்டர்' 1850-ல் ஹாத்தார்ன் எழுதிய நாவல். முறை தவறிப் பிள்ளை பெற்ற ஒரு பெண்ணை, மார்பில் சிவப்பு எழுத்தைக் குத்திக்கொண்டு ஊர் முன்னால் நிற்கவைப்பார்கள். கையில் கைக்குழந்தை. பிள்ளைக்குத் தகப்பனானவர் ஊருக்கு உபதேசம் செய்கிற பாதிரியார். அவர் மார்பில் ஊர் எதையும் குத்தவில்லை. பத்திரிகைக்காரர்கள் தலைப்பு வைக்கும்போது இந்த விவரத்தையெல்லாம் யோசித்தார்களா தெரியாது. ஆனால் பிரசவ வார்டில் அதற்குப்பின் நடந்ததற்கு இதைவிடப் பொருத்தமான தலைப்பு கிடைக்காது.

என்ன நடந்தது?

கர்ப்பிணி டாக்டரிடம் வருகிறாள். 'முன்பு எப்போதாவது ஹெர்ப்பிஸ் வந்ததுண்டா?' என்று கேட்பார்கள். இல்லை என்றால் விட்டுவிடுவார்கள். 'ஆமாம், ஐந்து வருடத்துக்கு முன் ஒரு முறை' என்று உண்மையைச் சொன்னாளோ, தொலைந்தாள். கர்ப்பத்தின் கடைசி வாரங்களில் வாரம் தவறாமல் வரவேண்டும். பஞ்சு சுற்றிய குச்சியால் உள்ளே தடவி மாதிரி எடுப்பார்கள். அதைச் செல்களின்மேல் விட்டு வைரஸ் வளர்கிறதா என்று பல நாள் பார்ப்பார்கள். கடைசி முடிவு பாசிட்டிவ் என்றால் வயிற்றைக் கிழித்துத்தான் பிரசவம். முடிவு வருவதற்கு முன் வலி எடுத்துவிட்டால்? எதற்கு வம்பு, கத்தியை எடு. குழந்தை பிறந்த பிறகும் விடவில்லை. தாய்க்குத் தனி அறை. தன் பிள்ளையைத் தூக்க அவளுக்குக் கையுறையும் கவுனும்.

அந்தப் பெண்ணின் இடத்தில் உங்களை வைத்துப் பாருங்கள். ஒன்பதாவது மாதம். காலெல்லாம் வீக்கம். வாரா வாரம் போய் அந்த மேஜையில் படுத்து, 'இந்த வாரம் என் உடம்பு என் பிள்ளைக்கு விஷமா இல்லையா' என்று தெரிந்துகொள்ளக் காத்திருப்பது! எல்லாம் உண்மையைச் சொன்ன குற்றத்துக்கு. பொய் சொல்லியிருந்தால் நிம்மதியாக வீட்டில் இருந்திருப்பாள்.

சரி, பிள்ளை பிழைத்தால் போதாதா, அவஸ்தை என்ன பெரிய அவஸ்தை என்பீர்கள். நியாயம். அந்தச் சோதனையால் பிள்ளைகள் பிழைத்தனவா?

கலிபோர்னியாவில் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தின் குழந்தை மருத்துவர் ஆன் ஆர்வினும் அவருடைய சகாக்களும் 1986-ல் இதைத்தான் கேட்டார்கள். ஹெர்ப்பிஸ் வந்து வந்து போகிற 414 கர்ப்பிணிகள். கர்ப்பத்தின் கடைசியில் விடாமல் மாதிரி எடுத்ததில் 17 பேருக்கு வைரஸ் தென்பட்டது. பிரசவத்தன்று எடுத்த மாதிரியில் 5 பேருக்குத் தென்பட்டது.

அந்த 17 பேரில் ஒருவருக்குக்கூடப் பிரசவத்தன்று வைரஸ் இல்லை. பிரசவத்தன்று வைரஸ் இருந்த 5 பேரில் ஒருவருக்குக்கூட அதற்கு முந்தைய சோதனைகளில் பாசிட்டிவ் வரவில்லை.

இன்னொரு தடவை படித்துப் பாருங்கள். சோதனை யாரைப் பிடித்ததோ அவர்களிடம் ஆபத்து இல்லை. யாரிடம் ஆபத்து இருந்ததோ அவர்களைச் சோதனை பிடிக்கவில்லை. போன செவ்வாய்க்கிழமை மழை பெய்ததா என்று பார்த்து இன்றைக்குக் குடை எடுப்பது மாதிரி.

அடுத்த வருடமே அதே குழுவில் இருந்த சார்லஸ் ப்ரோபர் இன்னொரு விஷயத்தைப் போட்டு உடைத்தார். பழைய ஹெர்ப்பிஸ்காரத் தாய்மார்களுக்கு, பிரசவ நேரத்தில் நிஜமாகவே வைரஸ் இருந்து, இயல்பான வழியிலேயே பிறந்த 34 குழந்தைகளைப் பார்த்தார்கள். எத்தனைக்குத் தொற்று? ஒன்றுக்குக்கூட இல்லை.

நாற்பது சதவீதம் எங்கே போச்சு?

காரணம் தாயின் ரத்தத்தில் இருந்தது. ஒரு நோயோடு பல வருடம் சண்டை போட்ட உடம்பு அதற்கான எதிர்ப்புப் பொருளைத் தயார் செய்து வைத்திருக்கும். அதைத் தாய் நஞ்சுக்கொடி வழியாகப் பிள்ளைக்கும் கொடுத்தனுப்புகிறாள், சீதனம் மாதிரி. எந்தப் பெண்ணைக் கறைபட்டவள் என்று ஒதுக்கினார்களோ, அவள் பிள்ளைக்குக் கவசத்தோடு பிறப்பு. 1988-ல் அமெரிக்க மகப்பேறு மருத்துவர்கள் சங்கம் வாராவாரச் சோதனையைக் கைவிடச் சொல்லிவிட்டது.

அப்படியானால் செத்துப்போன அந்தக் குழந்தைகள் யாருடையவை?

இந்தக் கேள்விக்குப் பாதி பதில் பல வருடமாகவே கண்ணெதிரில் இருந்தது. நோய் தொற்றிய சிசுக்களின் தாய்மார்களை விசாரித்தபோதெல்லாம், பெரும்பாலானவர்கள் 'எனக்கு ஹெர்ப்பிஸ் வந்ததே இல்லை' என்றுதான் சொன்னார்கள். பொய் சொல்கிறார்கள் என்று எத்தனை பேர் உள்ளுக்குள் நினைத்தார்களோ!

மீதிப் பாதியை சியாட்டில் நகரில் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தின் மகப்பேறு மருத்துவர் ஜேன் ப்ரவுன் கண்டுபிடித்தார். பெயரைப் பார்த்துப் பெண் என்று நினைத்துவிடாதீர்கள், ஆண்தான். 1991-ல் வெளிவந்த அவரது ஆய்வில், பிரசவ வலியோடு வந்த, எந்த அறிகுறியும் இல்லாத 15,923 பெண்களிடம் மாதிரி எடுத்தார்கள். 56 பேருக்கு வைரஸ் இருந்தது. ரத்த மாதிரி கிடைத்த 52 பேரை அலசியபோது இரண்டு கட்சியாகப் பிரிந்தார்கள். 34 பேருக்கு அது பழைய விருந்தாளி. அவர்கள் பிள்ளைகளில் ஒன்றுக்குத் தொற்று. மற்ற 18 பேருக்குப் புது விருந்தாளி, சமீபத்தில்தான் வந்திருக்கிறது, வந்ததே தெரியாது. அவர்கள் பிள்ளைகளில் ஆறுக்குத் தொற்று.

34-ல் 1. 18-ல் 6. நஹ்மியாஸின் எண்ணிக்கையில் கலந்துகிடந்த இரண்டு தினுசுத் தாய்மார்கள் இவர்கள்தான்.

1997-ல் ப்ரவுனின் அடுத்த ஆய்வு இன்னும் துல்லியம். தொற்று வர வாய்ப்புள்ள 7,046 கர்ப்பிணிகளில் 94 பேருக்குக் கர்ப்ப காலத்தில் புதிதாகத் தொற்றியது. சீக்கிரமே தொற்றி, உடம்பு எதிர்ப்பைத் தயாரிக்க அவகாசம் கிடைத்தவர்களின் பிள்ளைகள் தப்பின. பிரசவத்தை ஒட்டித் தொற்றியது 9 பேருக்கு. அவர்களுடைய பிள்ளைகளில் நாலுக்கு நோய். ஒன்று இறந்தது.

இப்போது நான் கேட்கப்போகிற கேள்வி உங்களுக்கே தோன்றியிருக்கும். எட்டு மாதம், ஒன்பது மாதம் கர்ப்பமாக இருக்கிற பெண்ணுக்குப் புதிதாக இது எப்படி வரும்? பெரும்பாலும் ஒரே ஒரு ஆளிடமிருந்துதான் வர முடியும். அவர் வெளியே வராந்தாவில் உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருக்கிறார்.

அவர் கெட்டவர் என்று அர்த்தம் இல்லை. கல்யாணத்துக்கு முன் எப்போதோ வந்ததாக இருக்கும். அவருக்கே தெரியாது. ஆனால் சின்னக் கொப்புளம்கூட இல்லாத நாளிலும் தொற்றும். உதட்டில் இருக்கிற முதல் வகைகூட, வாயால் கொஞ்சும்போது இறங்கும். 15 வருடமாக ஒரு தேசமே டார்ச் அடித்துத் தேடியது. வெளிச்சம் முழுவதும் கட்டிலில் படுத்திருந்தவள் முகத்தில். வராந்தா பக்கம் யாரும் திருப்பவே இல்லை.

ப்ரவுன் திருப்பச் சொன்னார். கர்ப்பிணிகள் எல்லோருக்கும் ரத்தப் பரிசோதனை செய்வோம், அவளுக்கு இல்லாமல் கணவனுக்கு இருந்தால் கடைசி மூன்று மாதம் விலகியிருக்கச் சொல்வோம் என்பது அவர் கட்சி. முதல் வகையா, இரண்டாம் வகையா என்று பிரித்துச் சொல்கிற ரத்தப் பரிசோதனைகள் 1999 வாக்கில் அமெரிக்கக் கடைகளுக்கு வந்துவிட்டதால் இது சாத்தியமும் ஆயிற்று. 2000-ல் ஒரே மருத்துவ இதழில் இரண்டு கட்டுரைகள் அடுத்தடுத்து வந்தன. 'எல்லாக் கர்ப்பிணிகளுக்கும் சோதனை வேண்டும்' என்று ப்ரவுன். 'கூடாது' என்று பிரிட்டிஷ் மருத்துவர்கள்.

சிபிலிஸுக்கு மட்டும் செய்கிறீர்களே என்று நீங்கள் கேட்கலாம். நம் ஊர் கர்ப்பிணிகளுக்குச் செய்கிற வி.டி.ஆர்.எல். பரிசோதனை அதற்குத்தான். நியூயார்க் மாநிலம் 1938-லேயே கர்ப்பிணிகள் அத்தனை பேருக்கும் சிபிலிஸ் சோதனையைச் சட்டமாக்கியது. அந்தச் சட்டத்தின் அழகு, அதில் யாரையும் கேள்வி கேட்க வேண்டாம் என்பது. கோடீஸ்வரர் மனைவிக்கும் உண்டு, துணி துவைக்கிறவளுக்கும் உண்டு. கண்டுபிடித்தால் மருந்தும் உண்டு. 1943-க்குப் பிறகு பெனிசிலின் போட்டால் தாயும் பிள்ளையும் பிழைத்தார்கள். சோதனை என்றால் அப்படி இருக்க வேண்டும்.

ஹெர்ப்பிஸில் பாசிட்டிவ் என்று தெரிந்தால் என்ன செய்வது? வைரஸை விரட்ட மருந்து இன்றுவரை இல்லை. தடுப்பூசியும் இல்லை. அடக்கிவைக்கிற மருந்து உண்டு, அசைக்ளோவிர். அதை உருவாக்கிய ஆய்வுக்கூடத்தை நடத்திய கெர்ட்ரூட் எலியன் பிஎச்.டி. முடிக்காதவர். 1988-ல் நோபல் பரிசு வாங்கினார். என்னைப் போன்ற அரைகுறைகளுக்கு ஆறுதலாக இருக்கட்டும் என்று சொல்கிறேன். அந்த மருந்தைச் சரியான சமயத்தில் ஊசியாகக் கொடுத்துத்தான் இன்று பல சிசுக்களைக் காப்பாற்றுகிறார்கள்.

எல்லோருக்கும் சோதனை என்ற யோசனையை அமெரிக்காவின் தடுப்பு மருத்துவ வல்லுநர் குழு 2005-ல் நிராகரித்தது. 2016-ல் மறுபடி நிராகரித்தது. 2023-ல் மூன்றாம் முறை. 2016-ல் அவர்கள் போட்டுக்காட்டிய கணக்கு எனக்கு ரொம்பப் பிடித்தது. நூற்றுக்குப் பதினைந்து பேருக்கு இரண்டாம் வகை இருக்கிற ஊரில் 10,000 பேரைச் சோதித்தால், நிஜமான பாசிட்டிவ் 1,485 வரும். பொய்யான பாசிட்டிவ் 1,445 வரும். அதாவது பாசிட்டிவ் என்று சீட்டு வாங்குகிறவர்களில் கிட்டத்தட்டப் பாதிப் பேருக்கு நோயே இல்லை! ஐந்தொகையில் இப்படி ஒரு தப்பு வந்தால் என் புரொஃபசர் பேப்பரை முகத்தில் விட்டெறிந்திருப்பார். இங்கே விட்டெறியப்படுவது சம்சாரங்கள்.

எனக்கு ப்ரவுன் மேல் மரியாதை உண்டு. சரியான இடத்தை முதலில் காட்டியவர் அவர். ஆனால் இந்தப் பாதிக்குப் பாதிப் பொய் சொல்கிற சீட்டை வீட்டுக்கு வீடு கொடுத்தனுப்புவதில் எனக்குச் சம்மதம் இல்லை.

சிசேரியன் விஷயமும் இப்படித்தான் தடுமாறியது. அது பிரயோஜனமே இல்லை என்று சொல்ல முடியாது. 2003-ல் ப்ரவுன் வெளியிட்ட கணக்கில், பிரசவ நேரத்தில் வைரஸ் இருந்த தாய்மார்களில் இயல்பாகப் பெற்ற 117 பேரின் பிள்ளைகளில் 9-க்குத் தொற்று. சிசேரியன் ஆன 85-ல் ஒன்றுக்கு மட்டும். ஆனால் பழைய ஹெர்ப்பிஸ்காரிகளுக்கெல்லாம் கத்தி வைத்தால், ஒரு குழந்தையைக் காப்பாற்ற 1,500-க்கும் மேற்பட்ட பெண்களின் வயிற்றைத் தேவையில்லாமல் கிழிக்க வேண்டிவரும் என்று 1993-ல் ஒரு அமெரிக்க ஆய்வு மதிப்பிட்டது. நெதர்லாந்துக்காரர்கள் 1987-லேயே பழைய நோய்க்குக் கத்தி வேண்டாம் என்று முடிவெடுத்துவிட்டார்கள். அதனால் அங்கே சிசு மரணம் கூடிவிடவில்லை. அமெரிக்கர்கள் இன்றும் புண் கண்ணுக்குத் தெரிந்தால் சிசேரியன்தான். பழைய நோய் உள்ளவர்களுக்கு 36-வது வாரத்திலிருந்து அசைக்ளோவிர் மாத்திரை கொடுத்து, புண் வராமல் பார்த்துக்கொள்கிறார்கள்.

மற்றபடி இப்போதைய நடைமுறை வெகு சாதாரணமானது. வலி எடுத்து வருகிற ஒவ்வொரு பெண்ணையும் கேட்பது, விளக்குப் போட்டுப் பார்ப்பது. அவளை மட்டுமல்ல, கணவனுக்கு எப்போதாவது இருந்ததா என்றும் கேட்பது. உதட்டில் கொப்புளம் இருக்கிற யாரும், அப்பாவோ பாட்டியோ, பச்சைக்குழந்தைக்கு முத்தம் கொடுக்காமல் இருப்பது. பிறந்த பிறகு அப்படித் தொற்றுகிற குழந்தைகளும் உண்டு.

நம் ஊர் 'டார்ச்' சங்கதிக்கு வருவோம். திரும்பத் திரும்பக் கருச்சிதைவு ஆகிற பெண்களுக்கு இந்தப் பரிசோதனையால் பிரயோஜனம் இல்லை என்று பிரிட்டனின் ராயல் மகப்பேறு மருத்துவக் கல்லூரி எப்போதோ எழுதிவிட்டது. போதாக்குறைக்கு, பல லேப்களில் இரண்டு வகையையும் பிரிக்காமல் சேர்த்தே பார்க்கிறார்கள். ஐஜிஜி பாசிட்டிவ் என்றால் 'எப்போதோ ஒரு காலத்தில் வந்திருக்கிறது' என்று மட்டும்தான் பொருள். எந்த வகை, எப்போது, யாரிடமிருந்து என்று அந்தக் காகிதம் சொல்லாது. உலகத்தில் மூன்றில் இரண்டு பேருக்கு வருகிற பாசிட்டிவை ஒருத்தியின் பெயர் போட்டு அச்சடித்துக் கொடுப்பதற்குக் காசும் வாங்கிக்கொள்கிறார்கள்.

நண்பன் மறுவாரம் போன் செய்தான். இந்தத் தடவை பகலில்.

இரண்டு பேருமாகத்தான் போயிருக்கிறார்கள். டாக்டர் அம்மாள் ரிப்போர்ட்டைப் பார்த்துவிட்டு மேஜை ஓரமாகத் தள்ளிவைத்திருக்கிறார். மனைவியிடம் ஒன்றும் கேட்கவில்லை. இவன் பக்கம் திரும்பி, "உங்களுக்கு உதட்டோரம் கொப்புளம் வருமா?" என்றிருக்கிறார்.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கடைசி வருடம், காஸ்டிங் பேப்பர் அன்று, உதட்டோரம் கொத்துக் கொப்புளமும் அதன்மேல் வெண்ணெயுமாகப் பரீட்சை ஹாலுக்கு வந்தவன் இவன். ஒவ்வொரு பரீட்சைக்கும் அப்படித்தான். அந்த வருடம் முழுக்க 'வெண்ணெய்' என்றுதான் கூப்பிட்டோம்.

"நானும் ரத்தம் குடுத்துட்டு வந்தேன்டா. அதே லேப்தான்."

"என்ன வந்துச்சு?"

"பாசிட்டிவ். வீட்டுக்கு வந்து அவ கையில குடுத்தேன்."

"என்ன சொன்னா?"

"ரெண்டு ரிப்போர்ட்டையும் பக்கத்துல பக்கத்துல வெச்சுப் பார்த்தா. அப்புறம், நாலு நாள் ஏன் பேசலைன்னு கேட்டா."

"நீ என்ன சொன்னே?"

"இன்னும் ஒண்ணும் சொல்லலைடா."